கடிதத்தின் இரண்டாம் பத்தி

பிரித்தானிய அரசியல்வாதிகள் பதவி இழந்த பிறகு எழுதும் தன்வரலாற்று நூல்களைப் பற்றியதுதான் என்னுடைய முதுகலை ஆய்வு. இரண்டு ஆண்டுகள் அவற்றையே படித்தேன். நல்ல ஆங்கிலம், செதுக்கிய வாக்கியங்கள். ஒவ்வொருவரும் தாம் செய்த நன்மையைத் தம் மனம் செய்ததாகவும், தீமையைச் சூழ்நிலை செய்ததாகவும் எழுதியிருந்தார்கள். பட்டம் கிடைத்தது. வேலை வேறு துறையில் கிடைத்தது. ஆனால் அந்தப் படிப்பில் தொற்றிய ஒரு பழக்கம் என்னை விடவில்லை. யாராவது ஒருவர் இன்னொருவருக்கு உதவினால், அதில் அவருக்கு என்ன கிடைக்கிறது என்று முதலில் தேடுவேன். கிடைப்பது எதுவும் கண்ணில் படாவிட்டால், சரியாகத் தேடவில்லை என்று நினைப்பேன்.

ரொறன்ரோவின் ரெக்ஸ்டேல் பகுதியில் நாங்கள் இருக்கும் அடுக்குமாடியில் என்னை ‘லண்டன் அரசியல் படிச்ச பிள்ளை’ என்பார்கள். எங்கள் தளத்திலேயே, எலிவேற்றருக்குப் பக்கத்து வீட்டில் இருக்கும் அன்ரிதான் அந்தப் பெயரை முதலில் வைத்தவர். மட்டக்களப்பைச் சேர்ந்தவர்; பெண்பிள்ளையையும் ‘மனே’ என்று கூப்பிடுவது அவர் ஊர் வழக்கு. பக்கத்து நகரமான பிறம்ரனில் ஒரு வெயார்ஹவுஸில் பெட்டி கட்டும் வேலை. சில ஆண்டுகளாகப் பிரித்தானியாவில் பிரதமர்கள் அடிக்கடி மாறினார்கள். ஒவ்வொரு மாற்றத்துக்கும் மறுநாள் காலையில் அன்ரி எலிவேற்றருக்குள் என்னைப் பிடித்துக்கொள்வார்.

“மனே, புதுசா வந்திரிக்கிற ஆள் நல்லவனா?”

“எந்த விதத்திலை அன்ரி?”

“எங்களுக்குத்தான்கா.”

‘எங்களுக்கு’ என்று அவர் சொன்னது தம்பியை. அன்ரியின் ஒரே தம்பி வட இங்கிலாந்தில் ஒரு சிறிய பட்டணத்தில் இருந்தார். அவருடைய அகதி விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டு, மேன்முறையீடும் தோற்றுவிட்டது. அதன் பிறகு ஊரிலிருந்து சில புதிய ஆவணங்கள் கிடைத்தன. சட்டத்தரணி அவற்றை உள்துறை அமைச்சுக்கு அனுப்பியிருந்தார். அமைச்சிலிருந்து ஒரு வரிப் பதிலும் இல்லை. அவற்றை யாராவது படித்தால் அவர் அங்கே இருக்கலாம். படிக்காமலே நாள் குறித்தால் விமானத்தில் ஏற்றிவிடுவார்கள். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, வியாழக்கிழமையில், அவர் ஓர் அலுவலகத்துக்குப் போய்க் கையெழுத்திட வேண்டும். போனவர் வெளியே வருவாரா, உள்ளேயே பிடித்து வைப்பார்களா என்பது வந்த பிறகுதான் தெரியும். அந்த வியாழக்கிழமைகளில் அன்ரி, வேலைத்தலத்தில் போன் வைத்திருக்கக் கூடாது என்ற விதியை மீறி, அதைச் சொக்ஸுக்குள் வைத்துக்கொண்டு பெட்டி கட்டினார்.

எங்கள் பகுதியில் இருந்த சங்கம் ஒன்றின் செயலாளர் இந்த விஷயத்தைக் கையில் எடுத்தார். யாழ்ப்பாணத்துக்காரர், ஓய்வுபெற்றவர், எல்லோருக்கும் அண்ணை. “எங்கட எம்.பி.க்கு எழுதுவம்” என்றார்.

‘எங்கட எம்.பி.’ என்று அவர் குறிப்பிட்டது கனடாக்காரரை அல்ல. நம்மவர்கள் நிறையப் பேர் வாழும் லண்டன் தொகுதி ஒன்றின் பாராளுமன்ற உறுப்பினர். ரொறன்ரோவுக்கு ஒரு தடவை வந்திருந்தார். ‘வணக்கம்’ என்ற சொல்லைப் பிசகில்லாமல் சொன்னார், போர்த்திய பொன்னாடையைக் கடைசிவரை தோளிலிருந்து இறக்கவில்லை, வடையைக் கையாலேயே எடுத்துத் தின்றார். நானும் அந்த மண்டபத்தில் இருந்தேன். மனிதர் பொய் சொல்கிறார் என்று எனக்குத் தோன்றவில்லை. ஆனால் தன் தொகுதியில் தமிழ் வாக்குகள் இல்லாதிருந்தால் அந்த வடையை அவர் எப்படித் தின்றிருப்பார் என்று யோசித்தபடிதான் கைதட்டினேன்.

கடிதம் போயிற்று. பதிலும் வந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை பிற்பகலில், பாடசாலை மண்டபத்தில் நடந்த கூட்டத்தில், செயலாளர் அண்ணை அதை மேடையில் வாசித்து மொழிபெயர்த்தார். உங்கள் கடிதம் என் உள்ளத்தை ஆழமாகத் தொட்டது, உங்கள் மக்களின் துயரம் எனக்கு அந்நியமானதல்ல, உங்கள் பக்கத்தில் நான் என்றும் நிற்பேன் என்று இருந்தது. சபை எழுந்து கைதட்டியது. அன்ரி அழுதார். பாராளுமன்ற முத்திரை பொறித்த அந்தத் தாளை அண்ணை உயர்த்திக் காட்டியபோது, அவருடைய நான்கு விரல்களும் தாளின் நடுப்பகுதியை மூடியிருந்ததை நான் கவனித்தேன். தாளைப் பிடிக்கிற எவரும் ஓரத்தில்தான் பிடிப்பார்கள்.

அடுத்த வாரம் பார்க்கக் கேட்டேன். “லமினேற் பண்ணக் குடுத்திருக்கு தங்கச்சி” என்றார். அதற்கடுத்த வாரம், “பிறேம் போடக் குடுத்திருக்கு.” அன்ரியிடம் என் சந்தேகத்தைச் சொன்னபோது அவர் முகம் சுருங்கியது. “அந்த மனிசன் எங்களுக்காக ஓடித் திரியிறார், நீ அதிலயும் குத்தம் பார்க்கிறாய்” என்றார். நான் அடங்கிப் போனேன். இதற்கிடையில் மூன்று வியாழக்கிழமைகள் கடந்தன.

ஒரு சனிக்கிழமை காலையில் நானாகவே சங்க அறைக்குப் போனேன். பலசரக்குக் கடை ஒன்றின் மேல்மாடியில் இருந்த ஒரே ஓர் அறை. கதவைத் திறந்ததும் கருவாட்டு வாசம் படியேறி நம்மோடு உள்ளே வரும். சுவர் முழுக்கப் படங்கள். மூன்று நாட்டு அரசியல்வாதிகள், ஒரே பொன்னாடை. நடுவில் அந்தக் கடிதம், பொன்னிறச் சட்டத்துக்குள். மேலே முத்திரை, பிறகு முதல் பத்தி, அதற்கு நேர் கீழே கையெழுத்து. பத்திக்கும் கையெழுத்துக்கும் இடையே, தாளின் குறுக்கே, கண்ணாடிக்குப் பின்னால் ஒரு மெல்லிய கோடு தெரிந்தது. புடவைக் கொய்யகம்போல் தாளை மடித்து வைத்திருந்தார்கள்.

“அண்ணை, உதைக் கழட்டிப் பார்க்கலாமோ?”

“ஏன் தங்கச்சி, எங்களில நம்பிக்கை இல்லையோ?”

“நம்பிக்கை இருக்கு அண்ணை. நடுவிலை ஒரு மடிப்பும் இருக்கு.”

அவர் சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, மேசை இழுப்பறையில் திருப்புளியைத் தேடினார். “உது ஒபிஸில இருக்கிற பெடியள் எல்லாருக்கும் போடுற வரி. பெரிசா ஒண்டும் இல்லை” என்று சொல்லிக்கொண்டே சட்டத்தின் பின்பலகையைக் கழற்றினார்.

மடிப்பை நீக்கினால் இரண்டாம் பத்தி. ஒரு பாராளுமன்ற உறுப்பினர் இன்னோர் உறுப்பினரின் தொகுதியில் வசிப்பவருடைய விஷயத்தில் தலையிடுவதில்லை என்பது நீண்டகால மரபு; ஆகவே இதை நான் முன்னெடுக்க இயலாது; அவர் வசிக்கும் பட்டணத்தின் உறுப்பினரைத் தாமதமின்றி அணுகுமாறு கேட்டுக்கொள்கிறேன். ‘தாமதமின்றி’ என்ற சொல் தெளிவாக இருந்தது. கடிதத்தின் தேதி ஏறக்குறைய இரண்டு மாதத்துக்கு முந்தையது.

“அண்ணை, இதை ஏன் வாசிக்கேல்லை?”

“சனம் சோர்ந்துபோகும். எங்கட ஆள் எங்களைக் கைவிட்டிட்டார் எண்டு கதை வரும்.” தாளைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டார். “உண்மையா எனக்கு உது விளங்கேல்லை, தங்கச்சி. எம்.பி. எண்டால் சனத்துக்குத்தானே எம்.பி. நிலத்துக்கே?”

எனக்குக் கோபம் வந்தது. ஆனால் அந்தக் கேள்வியை என்னால் ஒதுக்கிவிட முடியவில்லை. ஊரில் நாங்கள் வாக்களித்துப் பழகியது அப்படித்தான். தமிழ் எம்.பி. என்றால் எந்த மாவட்டத்துத் தமிழனும் அவர் வாசலில் போய் நிற்கலாம். அந்தக் கணக்கை அப்படியே கொண்டுவந்து லண்டன் பாராளுமன்றத்துக்கும் போட்டிருந்தார் மனிதர். ஏமாற்றும் எண்ணம் அவருக்கு இருந்ததாக நான் இன்றும் நினைக்கவில்லை. மடிப்பு மட்டும் எண்ணிப் பார்த்துச் செய்தது.

தம்பி வசிக்கும் பட்டணத்தின் உறுப்பினர் யார் என்று பார்ப்பதற்கு எனக்கு இணையம் தேவைப்படவில்லை. என் ஆய்வில் ஓர் அத்தியாயமே அவர்தான். உள்துறையில் இளநிலை அமைச்சராக இருந்து, பதவி போன பிறகும் பாராளுமன்றத்தில் தொடர்ந்தவர். அகதிகளின் வருகையைப் பற்றி அவர் பேசாத மேடை குறைவு. அவருடைய நூலை மூன்று முறை படித்து, மக்களின் அச்சத்தைத் தனக்கு ஏணியாக்கிக்கொண்டவர் என்று ஆதாரங்களோடு நிறுவியிருந்தேன். பரீட்சகர்கள் அந்த அத்தியாயத்தைத்தான் விசேடமாகப் பாராட்டினார்கள்.

அவரிடம் போவதென்றால் ஒரு படிவம் கொடுக்க வேண்டும். பெயர், முகவரி, கோப்பு எண், கையெழுத்து. அந்தப் படிவம் உதவி கேட்கும் கையிலிருந்து பிடித்துக் கொடுக்கும் கைக்கு நேராகப் போய்விடுமோ என்று எனக்குத் தோன்றியது. அன்ரியிடம் இரண்டாம் பத்தியைச் சொன்னேன். அந்த உறுப்பினரைப் பற்றி நான் நினைப்பதையும் சொன்னேன். “கொஞ்சம் பொறுங்கோ அன்ரி. நான் விசாரிச்சுப்போட்டுச் சொல்லுறன்” என்றேன். அவர் சரியென்றார்.

விசாரித்தேன். அவருடைய உரைகளையும் வாக்களிப்புகளையும் மறுபடி பார்த்தேன். வேலை முடிந்து வந்து, நாள்தோறும் பார்த்தேன். நான் தேடியது எல்லாம் எனக்குக் கிடைத்தது. பார்த்துக்கொண்டிருக்கையில், எட்டாம் நாள், தம்பிக்கு அறிவித்தல் வந்தது. குறிப்பிட்ட சில வாரங்களுக்குள், மேலும் முன்னறிவிப்பின்றி, நாட்டைவிட்டு அகற்றப்படலாம் என்று இருந்தது.

அன்ரி அந்தச் செய்தியை எனக்கு எலிவேற்றருக்குப் பக்கத்தில் நின்று சொன்னார். வேலைச் சட்டையும் பாதுகாப்புச் சப்பாத்தும் போட்டிருந்தார். எட்டு நாளை நான் வீணாக்கிவிட்டேன் என்று சொன்னேன். மறைக்க முடியாது, அவருக்கே தெரியும்.

“எட்டு நாளும் நான் உன்னக் கேக்காம இரிந்தது உன்ன நம்பித்தான்கா” என்றார். குரலை உயர்த்தவில்லை. பிறகு, “இனி என்ன செய்யணும், அதச் சொல்லு” என்றார்.

படிவத்தை அன்றே தம்பிக்கு அனுப்பினோம். வெள்ளிக்கிழமைகளில் அந்த உறுப்பினர் பட்டண நூலகத்தில் மக்களைச் சந்திப்பது வழக்கம். தம்பி போனார். மறுநாள் காலையில் லோண்ட்ரி அறையில், உடுப்பு உலர்த்தும் இயந்திரத்தின் மேல் போனைச் சாய்த்து வைத்துவிட்டு, அன்ரியும் நானும் கேட்டுக்கொண்டிருந்தோம்.

“ஆள் சிரிக்கவே இல்லக்கா. முகத்தப் பார்த்தா பல்லு வலிக்காரன் மாதிரி” என்றார் தம்பி.

“தேத்தண்ணி தந்தானா?”

“தண்ணி கூட இல்ல.”

“போட்டோ எடுத்தானா?”

“இல்லக்கா.”

அன்ரி என்னைப் பார்த்தார். “அப்ப ஒண்டும் செய்ய மாட்டான்.”

“பொறுங்க, சொல்லி முடிக்கல்ல. தாளெல்லாம் எடுத்துப் பார்த்தார். எந்தத் தேதியில அனுப்பின, ஆர் கையெழுத்துப் போட்டு வாங்கின எண்டு கேட்டார். பிறகு சொன்னார், நீ இந்த நாட்டில இரிக்க வேணுமெண்டு நான் நினைக்கல்ல. ஆனா நீ அனுப்பினத அவங்க படிக்காம இரிக்கிறது பிழை. அதுக்கு எழுதுறன் எண்டார். அவ்வளவுதான். கதவில நிண்ட பொடிச்சி அடுத்த ஆளைக் கூப்பிட்டிட்டாள்.”

அன்ரி போனுக்குக் கிட்டக் குனிந்தார். “முகத்துக்கு நேரவா சொன்னான்? இரிக்க வேணாமெண்டு?”

“ஓம்கா. முகத்துக்கு நேரதான்.”

எழுதினார். அந்த உறுப்பினர் உள்துறை அமைச்சுக்கு எழுதியதன் பிரதி தம்பிக்கும் வந்தது. வாழ்த்தும் இல்லை, வருத்தமும் இல்லை, இரண்டே வாக்கியங்கள். இந்தத் தேதியில் இந்த ஆவணங்கள் உங்களுக்குக் கிடைத்திருக்கின்றன. அவற்றைப் பரிசீலித்து முடிக்கும்வரை இவரை அகற்றுவதை நிறுத்திவைத்து எனக்கு அறிவிக்கவும். அகற்றும் அறிவித்தல் மீளப்பெறப்பட்டது. ஆவணங்களைப் படித்தார்கள். அடுத்த பனிக்காலத்தின் நடுவில் தம்பிக்கு வதிவிட அனுமதி வந்தது. அன்ரி எங்கள் தளத்தில் இருந்த எல்லா வீட்டுக்கும் பால்சோறு கொண்டுவந்து தந்தார்.

நான் சந்தோஷப்பட்டேன். அதோடு, அந்த உறுப்பினருக்கு இதில் என்ன கிடைத்தது என்றும் தேடினேன். கடைசித் தேர்தலில் சொற்ப வாக்கு வித்தியாசத்தில் வென்றிருந்தார் என்பது கண்ணில் பட்டது. அந்தப் பட்டணத்தில் தமிழர்களை விரல்விட்டு எண்ணலாம் என்பதும் பட்டது. ஒன்று மற்றதை அழித்தது. என் அத்தியாயத்துக்குள் அடங்காமல் அந்த இரண்டு வாக்கியங்களும் வெளியே நின்றன.

மூன்று வாரங்கள் கழித்து அவருடைய அலுவலகத்திலிருந்து தம்பிக்கு ஒரு மின்னஞ்சல் வந்தது. அதை அன்ரி ஒரு ஞாயிறு மதியம் என் வீட்டுக்குக் கொண்டுவந்து, போனை என் கையில் தந்துவிட்டுக் கதிரையில் உட்கார்ந்தார். தேர்தல் துண்டுப்பிரசுரத்தில் தம்பியின் கதையைச் சேர்க்க விரும்புகிறார்கள், சம்மதம் வேண்டும். எழுதி வைத்திருந்த பகுதியையும் அனுப்பியிருந்தார்கள். உண்மையான அகதிக்கு இந்த நாடு நீதி செய்கிறது, அதற்கு இவரே சாட்சி. ஆகவே ஏனையோரை விரைந்து திருப்பி அனுப்ப எங்களுக்கு உரிமை உண்டு. பக்கத்தில் தம்பியின் படத்துக்கு ஓர் இடம் காலியாக விடப்பட்டிருந்தது.

கடைசியில் அகப்பட்டுவிட்டார் என்று எனக்குள் ஒரு திருப்தி எழுந்ததை ஒத்துக்கொள்ள வேண்டும். அதை எண்ணி இப்போது வெட்கப்படுகிறேன்.

“மாட்டமெண்டு எழுதுவம் அன்ரி. இதை வைச்சு மற்ற ஆக்களை அனுப்பப் போறார்.”

“இல்ல மனே. செய்தவனுக்குச் செய்யாம இரிக்கிறது சரியில்ல. கேட்டது ஒரு படம்தானே.”

“படம் இல்லை அன்ரி. தம்பியைக் காட்டி மற்றவன் கள்ளன் எண்டு சொல்லுறார்.”

“அவர் சொன்னாத்தான் சனம் நினைக்குதா? இப்பவும் அப்பிடித்தானே நினைக்குது.”

நாங்கள் வாதாடிக்கொண்டிருக்கையில் தம்பியே அழைத்தார். அவருக்குச் சம்மதமும் இல்லை, மறுக்கவும் பயம். பயம் தனக்காக அல்ல. அவரோடு ஒரே அறையில் சூடான் நாட்டுக்காரர் ஒருவர் இருக்கிறார். தம்பி சொல்லித்தான் அவரும் நூலகத்துக்குப் போனார். அவருடைய கோப்பும் இப்போது அதே உறுப்பினரின் மேசையில் இருக்கிறது. பதில் வரவில்லை.

“நான் மாட்டனெண்டா இவருக்கு எழுத வேண்டிய கடிதத்த எம்.பி. அங்கயே போட்டிடுவாரோ தெரியாது. ஓமெண்டா, இவர் மாதிரி எத்தினை பேருக்கு அந்தப் பேப்பர் கெடுதல் செய்யும். நீங்க படிச்சவங்க, சொல்லுங்க” என்று என்னைக் கேட்டார்.

மறுத்தால் ஒரு மனிதருக்குக் கேடு வரக்கூடும். அவர் கண்ணுக்கு முன்னால் இருக்கிறார். சம்மதித்தால் பலருக்குக் கேடு வரும். அவர்கள் ஒருவரையும் நாங்கள் அறியோம். அந்த உறுப்பினர் அப்படிப் பழிவாங்குவார் என்பதற்கு என்னிடம் சான்று எதுவும் இல்லை. செய்ய மாட்டார் என்பதற்கும் இல்லை. முகத்துக்கு நேரே வேண்டாம் என்று சொல்லிவிட்டு எழுதிக் கொடுத்தவர், இதற்கு எப்படி நடந்துகொள்வார் என்று யாரால் சொல்ல முடியும்?

“அந்த ஆளையே கேளடா” என்றார் அன்ரி. “அவருக்குத்தானே நோகப் போகுது.”

போனுக்கு அந்தப் பக்கத்தில் தம்பியின் உடைந்த ஆங்கிலமும் இன்னொரு குரலும் கொஞ்ச நேரம் கேட்டன. பிறகு தம்பி சிரித்துக்கொண்டே திரும்பி வந்தார்.

“போடுறதெண்டா போடட்டுமாம். ஆனா தனக்கான கடிதம் வந்த பிறகு போடட்டுமாம். வந்தாப் பிறகு நீ மாட்டனெண்டு சொல்லு எண்டும் சொல்றார்.”

அன்ரி தொடையில் தட்டிச் சிரித்தார். “பாத்தியா மனே, இவன்தான்கா அரசியல் படிச்சவன்.”

தம்பியின் பெயரில் பதிலை நான் எழுதினேன். இரண்டு ஆண்டுகள் படித்த புத்தகங்கள் அன்றுதான் எனக்கு முதல் தடவையாக நேராகப் பயன்பட்டன. தங்கள் கோரிக்கையைப் பெருமதிப்புடன் பெற்றுக்கொண்டேன். இதில் என் குடும்பத்தாரின் கருத்தையும் அறியவேண்டியிருப்பதால் உரிய காலத்தில் அறிவிக்கிறேன். ஓம் என்றும் இல்லை, இல்லை என்றும் இல்லை. எழுதும்போது கை தயங்கவேயில்லை. அதுதான் எனக்கு உறுத்தியது. சூடான்காரரின் கோப்பைப் பற்றி ஒரு வரி சேர்ப்பதா என்று கேட்டேன். சேர்த்தால் பேரம் பேசுவதாகிவிடும். சேர்க்காவிட்டால் அவர்களுக்கு நினைவிருக்காமல் போகலாம்.

“எழுதாத” என்றார் அன்ரி. “ரெண்டு பேருக்கும் முகவரி ஒண்டுதானே. பார்க்கிறவனுக்குத் தெரியும்.”

மறுநாளே பதில் வந்தது. அலுவலகத்திலிருந்து அல்ல, அவரே எழுதியிருந்தார். ‘புரிகிறது. அவசரமில்லை.’ தம்பி அதை அக்காவுக்கு அனுப்ப, அன்ரி எனக்கு அனுப்பினார். என்ன புரிந்தது என்று அவர் எழுதவில்லை. நாங்கள் காலம் கடத்துகிறோம் என்பதா, ஏன் கடத்துகிறோம் என்பதா? பெருந்தன்மையாகவும் படிக்கலாம், எச்சரிக்கையாகவும் படிக்கலாம். நான் இரண்டு விதமாகவும் படித்துவிட்டேன்.

துண்டுப்பிரசுரம் இன்னும் வரவில்லை. தம்பிக்கு வேலை கிடைத்துவிட்டது. பக்கத்து நகரத்தில் நல்ல அறை ஒன்றும் பார்த்திருந்தார். ஆனால் போகவில்லை. அந்த முகவரியில் தானும் இருக்கும்வரைதான் அந்த மேசையில் இருக்கும் கோப்புக்குப் பலம் என்று நம்புகிறார். அது உண்மையா என்று என்னைக் கேட்டார்கள். தெரியாது என்றேன். காலையில் தபால் வந்ததும், சூடான்காரருக்குக் கடிதம் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு அக்காவுக்கு ஒரு சொல் அனுப்புகிறார். இன்றைக்கும் அன்ரி அதைப் படித்துவிட்டு, போனைச் சொக்ஸுக்குள் வைத்துக்கொண்டு பிறம்ரனுக்குப் போகும் காரில் ஏறினார். வந்த சொல் ‘இல்ல’.